பெர்க்மான்ஸின் வள்ளம்

குழாய் சொட்டவில்லை. ஜெனோவாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். அம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த அடுக்களைக் குழாய். கீழே ஒரு வாளியை வைத்து, நிறைந்ததும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றி, அந்தச் சத்தத்தோடேயே தூங்கி எழுந்து பழகிப்போன குழாய். காலையில் தம்பி டெரன்ஸ் கடைக்குப் போய் ஒரு வாஷர் வாங்கிவந்து மாட்டினான், அது வாயை மூடிக்கொண்டது. நேற்றுப் பின்கதவுத் தாழ்ப்பாள். அதற்கு முந்தின நாள் கேஸ் சிலிண்டர். காலியானதைக் கொடுத்துப் புதுசை அவனே தோளில் தூக்கிவந்து உள்ளே வைத்து, "ஒனக்குத் தூக்க முடியாதுல்லாக்கா" என்றான். மஸ்கட்டில் மீன்பிடி போட்டில் வருஷக்கணக்காகக் கிடந்துவிட்டு வந்தவன், வந்த நாள் முதல் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன், இந்த ஒரு வாரமாகத்தான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சரிபண்ணுகிறான். எதற்கு? வெளியூர் போகிற மனுஷன் இப்படிச் செய்வான். ஆஸ்பத்திரியில் படுக்கப்போகிறவன் செய்வான். ஜெயிலுக்குப் போகப்போகிறவனும் செய்வான். அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவள் கை மவுஸிலிருந்து தானாக எடுபட்டது. சேச்சே என்று தலையை உதறிக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். கண் திரையில் இருந்தது, காது முன்னறையில் இருந்தது. அங்கே கட்டில் கிறீச்சிட்டது. புரண்டு படுத்திருப்பான், இல்லாவிட்டால் எழுந்து உட்கார்ந்திருப்பான். எழுந்திருந்தால் ஏன் நடக்கிற சத்தம் இல்லை? சும்மா உட்கார்ந்து என்ன யோசிக்கிறான்?

திரையில் ஹால்வார்ட் மண்டியிட்டிருந்தான். ஜப்பான்காரர்கள் வரைந்த சித்திரக்கதை அது. மெட்ராஸில் ஒரு பதிப்பகத்துக்காக யாரோ ஒரு சார் தமிழில் எழுதி அனுப்புகிறார். அந்தத் தமிழைப் பேச்சுக் குமிழிகளுக்குள் அடக்கி உட்கார வைப்பது ஜெனோவாவின் வேலை. தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை என்பதால் ஒத்துக்கொண்டாள். கதை வைக்கிங்குகளைப் பற்றியது, வடக்கே குளிர்தேசத்திலிருந்து நீளப் படகுகளில் வந்து ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்திவிட்டுப் போகிற கூட்டம். ஹால்வார்ட் அதில் ஒரு துடுப்புக்காரன், தலைவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். தலைவன் சொன்னான் என்று அயர்லாந்துக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தை எரித்தான், கண்ணில் பட்டவர்களை வெட்டினான். தலைவன் செத்து, சத்தியமும் அவனோடு செத்துப்போன பிறகு, பெயரை மாற்றிக்கொண்டு அதே கிராமத்துக்குத் திரும்பி வந்து அதே ஜனங்களுக்குப் படகு கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இப்போது மேவ் என்கிற பெண் அவனை அடையாளம் கண்டுவிட்டாள். அவளுடைய அப்பாவை வெட்டியவன் அவன். இந்தப் பக்கத்தில் அவள் மீன் அறுக்கிற கத்தியோடு நிற்கிறாள், அவன் கழுத்தைக் காட்டி மண்டியிட்டிருக்கிறான், அவன் வாயருகே ஒரு குமிழி. அதற்குள் சார் எழுதியனுப்பிய வாக்கியம், 'நான் என் கடமையைச் செய்தேன்.' ஜப்பான்காரர்கள் மேலிருந்து கீழாக எழுதுகிறவர்கள், குமிழியெல்லாம் குறுகலாக, உயரமாக இருக்கும். தமிழ் அகலம் கேட்கும். 'கடமையைச்' உள்ளே போகமாட்டேன் என்கிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணுக்குத் தெரியவில்லை, உடைத்தால் 'கட' மேல்வரியிலும் 'மையைச்' கீழ்வரியிலும் விழுந்து கண்றாவியாக இருக்கிறது. சாப்பிட்டு எழுந்ததிலிருந்து இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சொல் போகாததால் ஆத்திரமா, ஹால்வார்டின் மேல் ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. பத்துப் பக்கத்துக்கு மரத்தை இழைத்தால் ஆயிற்றா? முகத்தில் பாதியை நிழலில் போட்டு, கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீரை வரைந்துவிட்டால் படிக்கிறவன் மனம் இளகிவிடும். செத்தவன் அடுத்த பக்கத்தில் எழுந்து வந்துவிடுவானா? அவன் உண்மையிலேயே திருந்தினானா, ஊருக்குள் நல்ல பேர் எடுத்து ஒளிந்துகொண்டிருக்கிறானா என்று மேவ் எப்படிக் கண்டுபிடிப்பாள்? படகு கட்டுகிற கை ஒன்றுபோலத்தான் இருக்கும், எந்த எண்ணத்தோடு கட்டினாலும்.

நேற்று டெரன்ஸ் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று இந்தப் பக்கத்தைப் பார்த்தான். அவன் வாசிக்கிறவனே இல்லை, பள்ளிக்கூடத்திலேயே புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறவன். இந்த ஒரு கதையை மட்டும் அவள் முடிக்க முடிக்க வாங்கிப் படித்துக்கொண்டு வருகிறான். "இவ அவன என்ன செய்வாக்கா?" என்று கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணத்தைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. "அடுத்த பாகம் இன்னும் வரலடே" என்றாள். பொய். அடுத்த பாகம் வந்து அவள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதில் மேவ் அவனைக் குத்தவில்லை. செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறாள், அவனுக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை, அவளே சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். அதை ஏன் தம்பியிடம் சொல்லவில்லை? குத்தவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் அவளுடைய யோசனை முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றது. பலமாக இழுத்தால் கிழியும் போல இருந்தது, அதனால் அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

வேறு பக்கம் என்று திரும்பினாலும் அங்கேயும் அதுதான் இருந்தது. அப்பா. கஸ்பார் என்று பேர். வலைத் தகராறில் செத்துப்போனார். அப்போது அவர்கள் டவுனுக்கு வரவில்லை, கடற்கரை ஊரிலேயே இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் வலையை அறுத்தான் என்று இவர்களும், இவர்கள்தான் முதலில் அறுத்தார்கள் என்று அவர்களும் பேசிப் பேசி முற்றி, இரண்டு ஊரிலும் கூட்டம் போட்டு வீட்டுக்கு ஓர் ஆள் சண்டைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா விடியும் முன்னே கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஜெனோவாதான் தண்ணீர் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கினார். வலது கையில் உடுத்துகிற லுங்கி, ஒரு பழைய சாரம், அதைச் சுருட்டிப் பிடித்திருந்தார். அந்தச் சுருட்டின் நீளம்... அதையும் அவள் எப்போதும் அதோடு விட்டுவிடுவாள். மத்தியானம் அவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்தார்கள். வெட்டியவன் பெர்க்மான்ஸ் என்றார்கள். அவன் ஊர் அவனை அனுப்பியது, போலீஸ் வந்ததும் அதே ஊர் அவன் பெயரை எழுதிக்கொடுத்தது. ஆயுள் தண்டனை. அப்போது கைப்பிள்ளையாக அம்மா இடுப்பில் இருந்த டெரன்ஸுக்கு அப்பா முகமே தெரியாது. தெரியாததனால்தானோ என்னவோ ஊரே அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது. நீதான் ஆம்பளப் பிள்ள. நீ பெருசாவணும். மாமா ததேயு, அம்மாவின் அண்ணன், திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அவன் தோளைப் பிடித்துப் பார்த்து, "ம், தேறிட்டான்" என்பார், விற்கப்போகிற காளையைப் பார்க்கிற மாதிரி. அதனால்தான் அம்மா டவுனுக்கு வீடு மாற்றினாள், அதனால்தான் அவனை மீசை முளைத்ததும் மஸ்கட்டுக்கு அனுப்பினாள். இப்போது அம்மா இல்லை. அவன் வந்துவிட்டான். பெர்க்மான்ஸும் நன்னடத்தை என்று விடுதலையாகி வந்து, ஒரு பழைய வள்ளம் வைத்துக்கொண்டு தனியாக மீன்பிடிக்கப் போகிறான் என்று போன மாதம் மீன்காரி சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் ததேயு மாமா வந்தார். டெரன்ஸைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ரொம்ப நேரம் பேசினார். ஜெனோவா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். உதடு அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. காபியைக் கொண்டுபோய் நீட்டியதும், "இந்த வருசம் காத்து முந்திட்டுல்லா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து அவன் கருக்கலில் எழுந்து போகிறான். வெயில் ஏறினபிறகு வருகிறான். எங்கலே போன என்றால் சும்மா ஹார்பர் பக்கம் என்பான். முடி வெட்டிக்கொண்டான். நேற்றுச் சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்தான், பாவசங்கீர்த்தனம் பண்ணினேன் என்று அவனாகவே சொன்னான். யார் கேட்டது? செய்த பாவத்துக்கா, செய்யப்போகிறதற்கு முன்கூட்டியேவா? இன்று காலை அவன் குளிக்கப்போனபோது அவள் கட்டிலுக்கு அடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தாள். அப்படியெல்லாம் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இரண்டு சட்டை, ஒரு டார்ச், ஒரு தொப்பி, அடியில் செய்தித்தாளில் சுற்றிய கத்தி. புதுசு. கைப்பிடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. கடலுக்குப் போகிற எல்லோரும் கத்தி வைத்திருப்பார்கள், வலை சிக்கினால் அறுக்க வேண்டாமா? ஆனால் இவன்தான் கடலுக்குப் போகவில்லையே. அவள் அதை இருந்தபடியே சுற்றிவைத்தாள். சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடியும் சுற்றினாள். பயம் என்று அப்போது நினைத்தாள். கோயில் சாமியாரிடம் போய்ச் சொல்லலாமா, போலீசில் சொல்லலாமா, ஒளித்துவைத்துவிடலாமா என்று காலையிலிருந்து மனசு மூன்று இடத்துக்கும் ஓடி ஓடித் திரும்புகிறது. உடம்பு மட்டும் அதற்காக நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை? கத்தியைப் பார்த்தவள் மத்தியானம் அவனுக்கு மீன் பொரித்துப் போட்டாள். வழக்கத்தைவிட ஒரு துண்டு கூடவே வைத்தாள். அதுவும் இப்போது நினைத்துப் பார்த்தால் நன்றாக இல்லை.

முன்னறையில் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான், கையிலேயே வைத்திருந்திருக்கிறான். "ம்." இடைவெளி. "ம். சரி." இன்னும் நீண்ட இடைவெளி. "நாளைக்கா?" அப்புறம் குரல் தாழ்ந்துபோயிற்று. ஜெனோவா மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்டாள். "அக்காட்ட இன்னும் சொல்லல... சொல்லிருதேன்... இல்ல, நான் பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான். மாமாவாகத்தான் இருக்கும். நாளைக்கு. நாளைக்குத்தான். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹால்வார்டின் கழுத்து நன்றாகத் தெரிந்தது, அந்த ஓவியன் நரம்பைக்கூட விடாமல் வரைந்திருக்கிறான். காலடி வந்தது. அவளுக்குப் பின்னால் கதவருகே நின்றது. திரும்பாமலே, "யாரு போன்ல?" என்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீ சத்தம் போடக்கூடாது."

"யாருன்னு கேட்டேன்."

"பெர்க்மான்ஸ்."

அவள் திரும்பினாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், சின்ன வயதில் அடி வாங்கப்போகும்போது நிற்கிற மாதிரி. "அவருகூட நாளைலயிருந்து கடலுக்குப் போறேன்" என்றான். "வள்ளத்துக்கு ஆள் இல்ல அவருக்கு. அவரு ஊர்லயே ஒருத்தனும் வரமாட்டங்கான், ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்னு. அனுப்புனதே அவனுவதான்."

"நீ எப்படில அவன் மூஞ்சியப் பாத்த?"

டெரன்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "மொத நாளு வேற எண்ணத்துலதான் போனேன். எந்த இடத்துல நிப்பாருன்னு மாமாதான் சொன்னாவ. கத்தியும் அன்னைக்கு வாங்குனதுதான். நீ பையத் தொறந்து பாத்தது எனக்குத் தெரியும். போயி நின்னேன். அவரு ஒத்தையா வள்ளத்தத் தள்ளிக்கிட்டு நின்னாரு. நவுரல. அலை திருப்பித் திருப்பிக் கொண்டாந்து போடுது. என்னப் பாத்துட்டு, கஸ்பார் மவனான்னு கேட்டாரு. அப்பா ஜாடை இருக்குன்னாரு. என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதே இல்லக்கா. ஆமான்னேன். அப்புறம் ஒண்ணும் பேசல, வள்ளத்துலயிருந்து கையெடுத்துட்டு சும்மா நின்னாரு. ஓடவும் இல்ல. எவ்வளவு நேரம்னு தெரியல. எனக்கு அலுத்துப்போச்சு. வள்ளம் சாஞ்சி தண்ணி உள்ள போவ ஆரம்பிச்சிட்டு. போயித் தள்ளிவிட்டேன். அதுலயிருந்து தெனமும் போயித் தள்ளிவிடுதேன்."

நிம்மதி வரவேண்டும், வரும் என்று ஜெனோவா காத்திருந்தாள். கொலை நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை, தம்பி ஜெயிலுக்குப் போகவில்லை, காலையிலிருந்து இதைத்தானே வேண்டினாய்? வந்தது வேறு. பந்தியில் உட்கார்ந்து இலையும் போட்ட பிறகு எழுப்பி அனுப்பினால் வருகிற மாதிரி ஓர் எரிச்சல். ஏமாற்றிவிட்டான். இத்தனை வருஷம். இத்தனை வருஷம் என்ன? அவள் என்ன காத்துக்கொண்டிருந்தாளா? அம்மாவோடு சேர்ந்து இவனைக் கப்பலேற்றியவள், மாமாவை வாசலோடு நிறுத்தியவள், வன்முறை என்றால் டிவியைக்கூட அணைக்கிறவள். அவளுக்குள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து இவன் என்றைக்குப் பழிவாங்க எழுந்து போவான் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாளே! அதனால்தான் அடுத்த பாகம் வரவில்லை என்று சொன்னாள். அதனால்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு துண்டு மீன் கூட வைத்தாள். நாள் முழுக்க அவன் பேரில் பட்ட சந்தேகம் இப்போது நாய்க்குட்டி மாதிரி திரும்பி அவள் காலடியில் வந்து படுத்தது. அதைத் தாங்க முடியாமல் அவசரமாக வேறு சந்தேகத்தைத் தேடினாள். கிடைத்தது. கடலில் சாட்சி கிடையாது. இவன் நடிக்கிறான். வள்ளத்தில் ஏறி நம்பிக்கை வரவைத்து, ஆழத்தில் வைத்து... மாமா சொல்லிக்கொடுத்த வழியாகக்கூட இருக்கும். இல்லாவிட்டால் அவன் நடிக்கிறான், அந்தப் பெர்க்மான்ஸ். கஸ்பாரின் மகன் உயிரோடு இருக்கிறவரை தனக்கு ஆபத்து என்று தெரிந்தவன், கரையில் நல்லவன்போல் நின்றுவிட்டு, கடலுக்குள் கூட்டிக்கொண்டுபோய்... எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரில் ஒருவன் விழுந்தான். இன்னொருவன் வள்ளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவ வெட்டுனவன்கூடயால ஒரே வள்ளத்துல ஏறப்போற?"

"அப்பா கைலயும் அருவா இருந்துச்சாம்க்கா. அத பெர்க்மான்ஸ் சொல்லல. ஒங்க அப்பா வெறுங்கையோட வந்தாருன்னுதான் இப்பவும் சொல்லுதாரு. ஹார்பர்ல வேற ஆளு சொன்னாவ. ரெண்டு பேரும்தான் ஓங்கியிருக்காவ. இவரு கை முந்திட்டு."

"தெரியும்" என்றாள் ஜெனோவா.

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் சொன்னதே அவளுக்குக் கேட்டது. டெரன்ஸ் நிமிர்ந்து பார்த்தான். சாரத்துச் சுருட்டின் நீளம் இப்போது முழுசாக, முனை தரையில் இடிக்காமல் அப்பா சற்று உயர்த்திப் பிடித்திருந்தது உட்பட, அவள் கண்முன்னே நின்றது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "கதவப் பூட்டிக்கோ மக்கா" என்று சொன்னது நின்றது. அவர் முகத்தில் கோபமே இல்லை. தூக்கம்தான் இருந்தது. போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், போகிறார், அவ்வளவுதான். அதே விடியலில் அடுத்த ஊரில் இன்னொரு வீட்டிலும் ஒருவன் இப்படித்தான் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பான். அவனுக்கு யார் செம்பு கொடுத்தார்களோ. இந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவர் ஓரமாகப் போயிற்று, உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்து காலண்டரை அடித்துக்கொண்டிருந்தது. டெரன்ஸ் அடுக்களைக்குப் போய் டீ போடுகிற சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்காமல் தேடினான்.

விளக்கு போடுகிற நேரத்துக்கு வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். டெரன்ஸ் எழுந்த வேகத்திலிருந்து யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நீ இரி" என்று சொல்லிவிட்டு அவளே போனாள். இத்தனை காலம் அவள் மனசில் வைத்திருந்தவன் ஆறடிக்கு மேலே, கழுத்தே தோளுக்குள் புதைந்த ஆள். தெருவில் நின்றது அவள் தோளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு மனுஷன், நெஞ்சு முடி நரைத்து, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார், ஆனால் படியில் ஏறவில்லை. அவளை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு என்ன உறவு இருக்கிறது?

"நாளைக்கு விடியக்காலம் மூணு மணிக்கு வள்ளத்த எறக்கணும். தம்பிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"போன்ல சொல்லியாச்சே."

"ஆமா." தலையைக் குனிந்துகொண்டார். "போன்ல சொல்லிட்டு ஆளக் கூட்டிட்டுப் போறது மொறையா இல்ல. வீட்டுல ஒரு ஆளு இருக்கீங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. நாளைக்கு இந்தத் தெரு என்னவெல்லாம் பேசும், மாமா காதுக்கு எப்போது போகும், அவர் எத்தனை பேரோடு வந்து நிற்பார் என்று ஒரு பக்கம் ஓடியது. அவள் பெர்க்மான்ஸின் கைகளைப் பார்த்தாள். பக்கவாட்டில் சும்மா தொங்கின, எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. இந்தக் கை. பார்த்தால் ஏதாவது தெரியும் என்று நினைத்திருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. கயிறு அறுத்த தழும்பு, நகக்கண்ணில் எஞ்சின் ஆயில். நடிப்பா என்று முகத்தைப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டபோது குரல் தெளிவாகத்தான் வந்தது.

"எங்க அப்பா திரும்பி வரல. இவன நீங்க பத்திரமாக் கொண்டாந்து விட்டுருவீங்களா? இந்த வாசல்ல நின்னு சத்தியம் பண்ணுங்க."

உடனே பண்ணிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். மாதாமேல் சத்தியமாக, பிள்ளைமேல் சத்தியமாக என்று ஏதாவது வரும், அந்த நிமிஷமே இவரை நம்பவேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாம் என்று காத்திருந்தாள். பெர்க்மான்ஸ் கடல் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கடல்ல அப்படிச் சத்தியம் பண்ண முடியாது" என்றார் கடைசியில். "காத்து இருக்கு, கப்பல் குறுக்க வரும். அவன் தண்ணிக்குள்ள விழுந்தா நான் விட்டுட்டுக் கரைக்கு வரமாட்டேன். அது மட்டும் சொல்லலாம். மத்தது சொன்னா பொய்யாயிரும்."

ஜெனோவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவித் தேடுகிற மாதிரி, எங்காவது ஒரு பிசிறு, ஒரு ஒட்டு. கிடைக்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, கோபமாக இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மனசில் எதுவும் இல்லை, அப்படிச் சொன்னால் அதுவும் பொய்யாயிரும். உள்ளே வரச் சொல்லவோ உட்காரச் சொல்லவோ வாய் வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். இரண்டு எட்டு நடந்திருப்பார்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றார்.

"மூணு மணிக்குத் தெருவுல நின்னு போன் அடிக்காண்டாம். அவன் அசந்து தூங்குவான், கேக்காது." கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டாள். "வந்து கதவத் தட்டுங்க. நான் முழிச்சுத்தான் இருப்பேன்."